பொம்மை வீட்டுக்கு எந்த பிரைமர்? மரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்

பெயிண்ட் கடையில் போய் "மரத்துக்கு பிரைமர் வேணும்" என்றேன். "வாட்டர் பேஸா, ஆயில் பேஸாக்கா?" என்று கேட்டார் கடைப் பையன். எனக்குத் தெரியவில்லை. எதற்கு என்று கேட்டார், பொம்மை வீட்டுக்கு என்றேன். "சின்னதுதானே, எதை அடிச்சாலும் நிக்கும்" என்று வாட்டர் பேஸில் ஒரு டின்னை எடுத்து வைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கதவுக்கோ அலமாரிக்கோ அந்தப் பதில் போதும். பொம்மை வீட்டுக்குப் போதாது என்பதை அடுத்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

வீடு என் அண்ணன் மகளுக்கு. ஆறு வயது. செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் முன்னால் திண்ணை, நடுவே முற்றம், சுற்றி நாலு தூண், மேலே ஒரு மாடி. இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம், இரண்டடி உயரம். எங்கள் தெரு ஆசாரி மிச்சத் துண்டுகளில் வெட்டிக் கொடுத்தார். சுவர்கள் 6 மில்லிமீட்டர் ப்ளைவுட். தூண்கள் தேக்கு. மாடிப்படிக்கு அவரிடம் இருந்தது ஒரு வேங்கைத் துண்டு. உத்தரமும் வாசல் நிலையும் பேக்கிங் பெட்டியில் இருந்து பிரித்த பைன். ஜன்னல்களும் கிராதிகளும் மட்டும் லேசர் கட்டிங் கடையில் 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப்பில் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வெட்டி வாங்கினேன். ஆக ஒரே வீட்டில் ஐந்து வகைப் பலகை. ஒவ்வொன்றும் பிரைமரிடம் ஒவ்வொன்றைக் கேட்டது.

பிரைமர் செய்கிற வேலை மூன்று. மரம் பெயிண்டைத் திட்டுத் திட்டாக உறிஞ்சாமல் சமமாக்குவது. மேலே வரும் பெயிண்ட் பிடித்து நிற்க ஒரு சொரசொரப்பைத் தருவது. மரத்துக்குள் இருக்கும் சாயம், பிசின், எண்ணெய் மேலே ஏறி வராமல் அடைப்பது. எந்த டின்னும் மூன்றையும் ஒரே அளவில் செய்வதில்லை. வாட்டர் பேஸ் முதல் இரண்டில் கெட்டி, மூன்றாவதில் பலவீனம். அரக்கு, அதாவது ஷெல்லாக், மூன்றாவதில் அசையாது. ஆயில் பேஸ் மூன்றையும் ஓரளவு செய்யும், ஆனால் நாள் கணக்கில் காக்க வைக்கும்.

பொம்மை வீட்டில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு: அளவு. இந்த வீடுகளை வழக்கமாக 1க்கு 12 என்ற அளவில் செய்வார்கள், நிஜத்தில் ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். புது டெல்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லுட்யன்ஸ் 1924இல் இங்கிலாந்து ராணி மேரிக்காக முடித்துக் கொடுத்த புகழ்பெற்ற பொம்மை வீடும் இதே அளவுதான். இந்த அளவில் தப்பு எல்லாம் பன்னிரண்டு மடங்காகத் தெரியும். கால் மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு பிரஷ் தடம் நின்றுவிட்டால், அந்த வீட்டுப் பொம்மைக்கு அது சுவரில் 3 மில்லிமீட்டர் வரப்பு. கதவுச் சட்டத்தின் செதுக்கல் ஒரே ஒரு தடித்த பூச்சிலேயே மூடிப் போகும். ஆகவே எது நன்றாகப் பிடிக்கும் என்று மட்டும் பார்த்தால் போதாது, எது மெல்லியதாக நிற்கும் என்றும் பார்க்க வேண்டும்.

முதலில் வாட்டர் பேஸ். இது அக்ரிலிக் பிசின் கலந்த வெள்ளை பிரைமர். வாசனை குறைவு, பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவிவிடலாம், வெயில் நாளில் ஒரு மணி நேரத்தில் கைக்கு ஒட்டாமல் காய்ந்துவிடும். மேலே அக்ரிலிக் கலரோ எமல்ஷனோ எனாமலோ எது அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும். பொம்மை வீட்டின் சுவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான். குழந்தைகள் இருக்கும் வீட்டில், இரண்டு மூன்று நாள் ஒரு மூலையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கிற வேலைக்கு வாசனை குறைவாக இருப்பது பெரிய விஷயம்.

இதன் குறை, பெயரிலேயே இருக்கிற தண்ணீர். தண்ணீர் பட்டால் மரத்தின் நார் எழும்பும். முதல் கோட் காய்ந்த பிறகு ப்ளைவுட்டைத் தடவிப் பார்த்தால் தாடி மழித்து இரண்டு நாள் ஆன கன்னம் மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், 220 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஓட்டிவிட்டு இரண்டாவது கோட் அடித்தால் வழவழப்பாகிவிடும். எழும்புகிற நார் ஒரு தடவைதான் எழும்பும். இன்னொன்று, மெல்லிய பலகையின் ஒரு பக்கம் மட்டும் அடித்து வைத்தால் அது அந்தப் பக்கம் வீங்கி வளையும். நான் முதல் சுவரை உள்பக்கம் மட்டும் அடித்துவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் அது முறம் மாதிரி வளைந்திருந்தது. மறுபக்கமும் அடித்துக் காய வைத்தபோது பெரும்பாலும் நேராகிவிட்டது. அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே நாளில் அடித்து, நிற்க வைத்துக் காய விடுகிறேன்.

வாட்டர் பேஸ் முழுசாகத் தோற்ற இடம் மாடிப்படி. வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்து, சர்க்கரை நோய்க்கு நல்லது என்று காலையில் குடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரி ஊற்றிய தண்ணீர் விடியும்போது கருஞ்சிவப்பாக இறங்கியிருக்கும். வேங்கையின் சாயம் தண்ணீரில் கரைகிற சாயம். நான் அந்த மரத்தின் மேல் தண்ணீர் கலந்த வெள்ளையைப் பூசியிருக்கிறேன்! மறுநாள் படிகளில் டீ சிந்தியது போலப் பழுப்புத் திட்டு. இரண்டாவது கோட் அடித்தேன், திட்டு மறுபடி மேலே வந்தது. மூன்றாவதிலும் வந்தது. ஒவ்வொரு கோட்டிலும் தண்ணீர் இருந்ததால் ஒவ்வொரு கோட்டும் சாயத்தை மேலே இழுத்தது. தண்ணீரில் கரைகிற சாயமுள்ள எந்த மரத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. பைனில் சாயம் இல்லை, ஆனால் கணுக்களில் பிசின் உண்டு. அது உடனே தெரியாது. சில மாதம் கழித்து வெள்ளைச் சுவரில் மஞ்சள் வட்டமாக எழும்.

ஆசாரியிடம் படியைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இதுக்கு எத்தனை கோட் அடிச்சாலும் நிக்காதும்மா. சுரண்டிட்டு ரெண்டு கை அரக்கு போடுங்க, அப்புறம் என்ன வேணா அடிச்சுக்கங்க" என்றார்.

அரக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடைகளில் பிரைமர் வரிசையில் இது இருக்காது. பாலிஷ் சாமான் விற்கிற கடையில் செதில் செதிலாக, தேன் நிறத்தில் கிடைக்கும். புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் அரக்குப் பூச்சி சுரப்பதைச் சுத்தம் செய்து எடுப்பது இது, ஜார்க்கண்டில் நிறைய விளைகிறது. ஸ்பிரிட்டில் (பாலிஷ் வேலைக்கு விற்கிற ஆல்கஹால்) கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் தண்ணீரில் கரைகிற சாயத்தை இது எழுப்பாது. மர மேஜைக்கு ப்ரெஞ்ச் பாலிஷ் போடுவது இதை வைத்துத்தான். பொம்மைக்கும் இதற்கும் பழைய உறவு: கர்நாடகத்துச் சன்னபட்டணாவிலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாகாவிலும் கடைசலில் சுழலும் மரத்தின் மேல் நிற அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வுச் சூட்டிலேயே அதை உருக்கி ஏற்றுகிறார்கள். அங்கே அரக்கே நிறம், அரக்கே பளபளப்பு. சுத்திகரித்த அரக்கை மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேல்பூச்சாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதால், எதையும் வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்கான பொருளில் இதைப் பூச எனக்குத் தயக்கமே இல்லை. ஸ்பிரிட் முழுசாக ஆவியாகிப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் கலந்த அளவு: கால் லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 50 கிராம் செதில். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடி, ராத்திரி முழுக்க வைத்து, இடையிடையே குலுக்கினால் கரைந்துவிடும். இரும்பு டப்பா வேண்டாம், கலவை கறுக்கும். சாதாரண அரக்கில் கொஞ்சம் மெழுகு உண்டு. மேலே வாட்டர் பேஸ் போகிறதென்றால் அந்த மெழுகு பிடிமானத்தைக் கெடுக்கலாம். பாட்டிலை அசைக்காமல் சில நாள் வைத்தால் மெழுகு அடியில் கலங்கலாகத் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளலாம். மெழுகு நீக்கிய செதிலும் விற்கிறார்கள், கிடைத்தால் அதுவே சுலபம். கரைத்ததைச் சில மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பழைய கலவை காயாமல் பிசுபிசுவென்றே நிற்கும்.

அடித்த அரை மணி நேரத்தில் அடுத்த கோட்டுக்குத் தயாராகிவிடும் என்பது அரக்கின் பெரிய வசதி. அதுவே சிரமமும்கூட. பிரஷ்ஷை ஒரே இழுப்பில் இழுத்துவிட வேண்டும், திரும்பிப் போய்த் தொட்டால் இழுபடும். மழை நாளில் அடித்தால் காற்றின் ஈரம் ஏறி வெளிறிப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம், வைத்தால் காய்ந்த நாளின் முற்பகலில் செய்யுங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், சமையலறைப் பக்கமே போகக் கூடாது. அப்புறம், அரக்கு தேன் நிறம் என்பதால் வெள்ளை அடிக்க அடித்தளம் இன்னும் தேவை. ஆகவே முழு வீட்டுக்கும் அரக்கு அடிப்பது வீண் வேலை. சாயமும் கணுவும் உள்ள இடத்தில் மட்டும் இரண்டு கோட், அதன் மேல் வாட்டர் பேஸ் பிரைமர். என் மாடிப்படியில் அதற்குப் பிறகு ஒரு திட்டுகூட வரவில்லை.

சரி, இவ்வளவு சுற்றுவதற்கு ஆயில் பேஸ் பிரைமரையே அடித்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆல்கைடு பிசினை டர்பன்டைனில் கரைத்த பிரைமர் அது. தண்ணீர் இல்லாததால் நார் எழும்பாது, மெல்லிய பலகை வளையாது, எம்டிஎஃப் வீங்காது, சாயத்தையும் பெருமளவு அடக்கும். நிஜ வீட்டுக் கதவு, ஜன்னலுக்கு இன்றும் பல பெயிண்டர்கள் கேட்டு வாங்குவது இதைத்தான். உப்புத்தாள் ஓட்டினால் மாவு மாதிரி உதிர்ந்து அருமையான மட்டம் தரும். தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் பொம்மை வீட்டின் உள்பக்கத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன். ஒரு கோட் காய ஒரு ராத்திரி வேண்டும், ஈரக் காற்றில் அதற்கு மேலும். ஒரு சாண் ஆழமுள்ள சின்ன அறைகளில் காற்றோட்டமே இல்லாததால் டர்பன்டைன் வாசனை வாரக்கணக்கில் தங்கும். குழந்தை தலையை உள்ளே விட்டுத்தான் விளையாடும். உள்ளறைகளுக்கு மேலேயும் ஆயில் எனாமல் வெள்ளையே அடித்தால் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது: இந்த வகை வெள்ளை வெளிச்சம் படாத இடத்தில் வேகமாக மஞ்சளாகும். பொம்மை வீட்டில் பாதி இடம் வெளிச்சம் படாத இடம். ஆயில் பிரைமர் அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், பலகைகளைக் கோத்து வீடாக நிறுத்துவதற்கு முன்பே, அவற்றைத் தனித்தனியாக மொட்டை மாடியில் பரப்பி அடித்து, ஒரு வாரமாவது காய விட்டு, லேசாக உப்புத்தாள் ஓட்டி அதன் மேல் அக்ரிலிக் போடுங்கள். முழுசாகக் காயாத ஆயிலின் மேல் அக்ரிலிக் போட்டால் வெடிப்பு விடும். கூரையின் வெளிப்பக்கம், அடிப்பலகை இவற்றுக்கு இது நல்ல தேர்வு. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காய விட்டுப் பிறகு எறியுங்கள், எண்ணெய்ப் பூச்சுத் துணி குவிந்து கிடந்தால் தானே சூடேறும்.

ஓவியச் சாமான் கடைகளில் ஜெஸ்ஸோ என்று ஒரு வெள்ளைக் குழம்பு கிடைக்கும், கான்வாஸுக்கு அடித்தளமாகப் பூசுவது. சுண்ணத்தூளும் வெள்ளை நிறமியும் அக்ரிலிக்கில் கலந்தது. இந்த எண்ணம் நமக்குப் புதிதில்லை. தஞ்சாவூர் ஓவியப் பலகையில் துணி ஒட்டி அதன் மேல் சுண்ணத்தூளும் பசையும் பூசித் தேய்க்கிறார்கள், கொண்டபள்ளி பொம்மையில் நிறத்துக்கு முன் சுண்ணாம்பு பூசுகிறார்கள். ஜெஸ்ஸோவில் கலர் அழகாகப் பிடிக்கும், சின்ன பிரஷ்ஷால் பூ வேலை செய்ய இதைவிட நல்ல தளம் இல்லை. பொம்மை நாற்காலி, ஊஞ்சல், வாசற்கதவு போன்ற சின்னச் சாமான்களுக்கு வாங்குங்கள். முழு வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. கெட்டியாகப் பூசினால் செதுக்கலையும் விழுங்கிவிடும், தண்ணீர் விட்டு மெல்லிசாக இரண்டு தடவை பூச வேண்டும். சாயத்தை இதுவும் அடைக்காது.

ஆசாரிகள் பாலிஷுக்கு முன் அடிக்கிற என்சி சீலர் சீக்கிரம் காயும், பலகை கண்ணாடி மாதிரி ஆகும். ஆனால் அதில் கலக்கிற தின்னரின் நெடி காரணமாக வீட்டுக்குள் வைத்து நான் அடிக்க மாட்டேன். மரம் தெரிய விடுகிற வேலைக்கு, அதுவும் பட்டறையில் அடித்து வாங்குவதென்றால் சரி. ஸ்ப்ரே டின் பிரைமர் மாடிக் கிராதி போன்றவற்றுக்கு மட்டும் வாங்கலாம். கிராதியின் சந்துகளில் பிரஷ் போனால் பிரைமர் தேங்கி அடைத்துக்கொள்ளும், ஸ்ப்ரேயில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய மூன்று வீச்சு, திறந்த வெளியில், முகக்கவசத்தோடு.

வீட்டில் மிச்சம் கிடக்கும் சுவர் பிரைமரை எடுக்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஒரு துண்டில் அடித்துப் பார்த்தேன். காய்ந்ததும் நகத்தால் கீறினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. சுவர் ஓரிடத்தில் நிற்கும், பொம்மை வீட்டைக் குழந்தை தூக்கும், இடிக்கும், நகத்தால் கதவைத் திறக்கும். இரும்புக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு, மஞ்சள் குரோமேட் பிரைமர்களைத் தொடவே வேண்டாம்.

அதைவிட முக்கியம் பழைய டின். வீட்டு உபயோகப் பெயிண்ட்களில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2016இல் விதி வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் வாங்கி மூலையில் கிடக்கும் எனாமலோ பிரைமரோ பொம்மைக்கு ஆகாது, எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆகாது. தொழிற்சாலை உபயோகப் பூச்சுகளுக்கு அந்த விதி பொருந்தாது என்பதால் அவற்றையும் தள்ளிவிடுங்கள். டின்னில் ஈயம் சேர்க்கப்படவில்லை என்ற குறிப்பைத் தேடுங்கள். ஐரோப்பியப் பொம்மைத் தரமான ஈஎன் 71-3 என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. மூன்று வயதுக்குக் குறைவான குழந்தை அந்த வீட்டில் இருந்தால் இதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

எம்டிஎஃப் ஜன்னல்களுக்குத் திரும்புகிறேன், அங்கே இரண்டு நாள் போனது. எம்டிஎஃப்பின் முகம் வழவழப்பு, எந்த பிரைமரும் பிடிக்கும். வெட்டிய விளிம்பு பஞ்சு. வாட்டர் பேஸை அது குடித்து உப்பி, காய்ந்த பிறகு கம்பளி விளிம்பு போல நிற்கும். லேசரில் வெட்டியதென்றால் விளிம்பு கருகியும் இருக்கும், அந்தக் கரி வெள்ளையில் பழுப்பாகக் கசியும். 320 நம்பர் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றிக் கரியைத் தேய்த்துவிட்டு, விளிம்பில் மட்டும் அரக்கு இரண்டு கோட் அடித்தேன். பஞ்சும் அடைந்தது, கரியும் அடங்கியது. அரக்கு கிடைக்காத ஊரில் ஃபெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து விளிம்பில் தேய்த்து, காய்ந்ததும் உப்புத்தாள் ஓட்டலாம். உப்புவது பெருமளவு நிற்கும், கரி மட்டும் முழுசாக அடங்காது.

செருகிப் பூட்டுகிற வகை வீடு என்றால் ஒரு கணக்கு பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கோட் காய்ந்த பிறகு தோராயமாக 30 மைக்ரான் (0.03 மில்லிமீட்டர்) என்று வைத்தால், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கோட்டில் பலகை 0.12 மில்லிமீட்டர் தடிக்கும். லேசரில் கச்சிதமாக வெட்டிய காடியில், அதாவது பலகை செருகும் பள்ளத்தில், அது நுழையாது. நாக்கிலும் காடியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி பிரைமர் படாமல் பாதுகாத்தால் பூட்டவும் முடியும், ஃபெவிகால் பிடிக்கவும் வெறும் மரம் கிடைக்கும். பிரைமர் அடித்த பரப்பில் ஒட்டிய மூட்டு, பூச்சோடு சேர்ந்து பெயர்ந்துவிடும்.

அளவு அதிகம் வேண்டாம். எங்கள் வீட்டின் பலகைகள் இரண்டு பக்கமும் இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 90 சதுர அடி வந்தது, ஒரு லிட்டர் வாட்டர் பேஸ் சரியாக இருந்தது. அரக்குக் கலவையில் பாதி மிச்சம்.

தேக்குத் தூண்கள் நாலுக்கும் பிரைமரே அடிக்கவில்லை. தேக்கின் எண்ணெய்ப் பசை பெயிண்டைச் சரியாகப் பிடிக்க விடாது, அடித்தே ஆக வேண்டுமானால் தின்னர் துணியால் துடைத்துவிட்டு உடனே அரக்கு அடித்துத்தான் மேலே போக வேண்டும். ஆனால் காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டுத் தூணுக்கும் வெள்ளை அடித்து நான் பார்த்ததில்லை. மிச்ச அரக்கையே மூன்று கை பாலிஷாகப் போட்டேன். முற்றத்து வெளிச்சத்தில் அந்தத் தூண்கள்தான் இப்போது வீட்டிலேயே அழகு.

மேல் பெயிண்டும் முடிந்து பத்து நாள் ஆகிறது. ராத்திரி கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, காலையில் மாடிக் கதவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டுப் பார்க்கிறேன். நேற்று வரை லேசாக வாசனை இருந்தது. வாசற்கதவும் மூடி வைத்தால் நிலையோடு கொஞ்சம் ஒட்டுகிறது, உள்ளே இன்னும் இறுகவில்லை என்று அர்த்தம். "அத்தை, எப்போ தருவீங்க?" என்று தினமும் போன் வருகிறது. கதவு ஒட்டாமல் திறக்கிற நாள்வரை மொட்டை மாடி அறையிலேயே இருக்கட்டும்.